வெள்ளிக்கிழமை மாலையே கிளம்புங்கள்: தர்மபுரியிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு வாரக்கடைசி

கேள்வி இதுதான்: தர்மபுரியில் ஐந்து நண்பர்கள், ஒரு கார், சனியும் ஞாயிறும் மட்டும் லீவு. நல்ல வெயில், கடல், கொஞ்சம் ஊர் சுற்றல் வேண்டும். ஒருவர் கோவா என்கிறார், இன்னொருவர் புதுச்சேரி போதும் என்கிறார். எது சரி, எப்படிப் போவது?

என் ஊர் காவேரிப்பட்டணம். பெயரில் காவிரி இருக்கிறது, ஊரில் ஓடுவது தென்பெண்ணை. பட்டணம் என்றதும் கடற்கரை ஊர் என்று நினைப்பவர்களும் உண்டு. கடல் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வேலைக்காக ஆறு வருடம் புதுச்சேரியில் இருந்தேன். அந்த ஆறு வருடத்தில் ஊரிலிருந்து "மச்சான், சனிக்கிழமை வர்றோம்" என்று போன் வராத மாதம் இல்லை. ஏழெட்டுக் கூட்டத்தையாவது கூடவே கூட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறேன். எங்கே நன்றாக நடந்தது, எங்கே சொதப்பியது என்பது நன்றாகவே தெரியும்.

கோவாவை முதலில் முடித்துவிடுவோம். தர்மபுரியிலிருந்து ஏறக்குறைய 700 கிலோமீட்டர். இரண்டு நாளில் போய்வந்தால் நீங்கள் பார்ப்பது டோல்கேட்டுகளைத்தான். நான்கு நாள் லீவு கிடைக்கும்போது போங்கள். புதுச்சேரி 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல், வழியில் டீக்கு நின்றாலும் ஐந்து மணி நேரம். சரி, புதுச்சேரி என்றே வைத்துக்கொள்வோம்.

பெரும்பாலோர் செய்யும் தவறு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்புவது. ஒருவன் எழுந்திருக்க மாட்டான், இன்னொருவன் வீட்டில் டிபன் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பார்கள். கிளம்பும்போது எட்டரை. உச்சி வெயிலில் இறங்கி, ரூமுக்குக் காத்திருந்து, சாப்பிட்டுப் படுத்து எழுந்தால் மாலை ஐந்து. அப்போதே பாதி வாரக்கடைசி போய்விட்டது. புதுச்சேரி கிழக்குக் கடற்கரை. சூரியன் கடலில் எழுமே தவிர கடலில் விழாது. அந்த ஊரின் நல்ல நேரம் முழுக்க விடியலில் இருக்கிறது. ஆகவே எத்தனை நாள் என்று கணக்குப் போடாதீர்கள், எத்தனை விடியல் என்று போடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் இரவு பத்து, பத்தரைக்குப் போய்ச் சேரலாம். இரண்டு விடியல் கையில் இருக்கும். சனிக்கிழமை கிளம்பினால் ஒன்றுதான். ஒரு இரவு வாடகை கூடுதல்தான், ஐந்து பேர் பங்கு போட்டால் பெரிய காசில்லை. நள்ளிரவில் கிளம்பி விடியலில் சேரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வாரம் முழுக்க வேலை பார்த்தவன் கையில் அதிகாலை மூன்று மணிக்கு ஸ்டீயரிங்கைக் கொடுக்கக் கூடாது.

வழி: தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போய்ச் சுற்ற வேண்டாம். அரூர் போய், தானிப்பாடி, தண்டராம்பட்டு வழியாகத் திருவண்ணாமலை. அங்கிருந்து செஞ்சி, திண்டிவனம், புதுச்சேரி. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் வழியாக ஒரே நெடுஞ்சாலை. கார் இல்லையென்றாலும் கிருஷ்ணகிரியிலிருந்து கஷ்டமில்லை, பெங்களூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்கள் அந்த வழியில்தான் ஓடுகின்றன. தர்மபுரியிலிருந்து என்றால் திருவண்ணாமலை போய் மாறிக்கொள்வது சுலபம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை, இதை யாரும் சொல்ல மாட்டார்கள்: கிளம்பும் முன் காலண்டரில் பௌர்ணமி பாருங்கள். கிரிவல நாளில் திருவண்ணாமலையைத் தாண்டுவது லேசுப்பட்ட வேலையில்லை. போக்குவரத்தை எங்கெங்கோ திருப்பிவிடுவார்கள். ஒருமுறை சித்ரா பௌர்ணமி அன்று என் பங்காளிகள் மாட்டிக்கொண்டு, வேறு வழியில்லாமல் காரை ஓரங்கட்டிவிட்டு அவர்களும் மலையைச் சுற்றிவிட்டு வந்தார்கள். புண்ணியம் கிடைத்தது, கடல் கிடைக்கவில்லை. கார்த்திகை தீபத்தைச் சொல்லவே வேண்டாம்.

எந்த மாதம் போகலாம்? பொங்கல் முடிந்து மார்ச் நடுவரை என்பது என் கணக்கு. வெயில் இருக்கும், சுடாது. மே மாதம் போவதாக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நம் தர்மபுரி வெயில் காய்ந்த வெயில். வியர்வை வந்தவுடன் காய்ந்துவிடும், உடம்பு கொஞ்சம் ஆறும். கடற்கரையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது. வெப்பமானி நம் ஊரைவிடக் குறைவாகக் காட்டும், சட்டை மட்டும் பிழியப் பிழிய நனைந்திருக்கும். மதியத்தை ஒட்டிக் கடல் காற்று உள்ளே வரும். நிலம் சூடாகி அங்குள்ள காற்று மேலே எழ, கடல் மேலிருக்கும் குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வருகிறது. அது சீக்கிரம் வந்த நாள் பிழைத்தோம், வராத நாள் ரூமை விட்டு நகர முடியாது.

அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை முன்பதிவு செய்யாதீர்கள், செய்தாலும் பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி செய்யுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகேதான் கரையைக் கடந்தது. அங்கே ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. அத்தோடு விடவில்லை, அதே புயல் வலுவிழந்து மேற்கே நகர்ந்து நம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். கடற்கரைப் புயல் நமக்கென்ன என்று இனிமேல் நம் மாவட்டத்தில் யாரும் சொல்ல முடியாது.

தங்கும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. கடற்கரைச் சாலையை ஒட்டிய பழைய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியை ஒயிட் டவுன் என்பார்கள். அழகான பகுதி, வாரக்கடைசியில் வாடகை எகிறும். ஐந்து பேர் படுத்துத் தூங்க அது தேவையில்லை. பழைய ஊரின் நடுவே பெரிய வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. அதற்கு மேற்கே தமிழர் பகுதி. அங்கே ரூம் எடுத்தால் பத்து, பதினைந்து நிமிட நடையில் கடல். 'சீ வியூ' என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள். ஒரு விடுதியில் அப்படி அதிகப் பணம் கட்டினோம். பாத்ரூம் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்றால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு விரற்கடை நீலம் தெரிந்தது. ஐந்து பேரும் முறை வைத்து ஏறிப் பார்த்தோம்.

சனிக்கிழமை விடியல். ஐந்தரைக்குக் கடற்கரைச் சாலையில் இருங்கள். மே மாதத்தில் 5.45 வாக்கில் சூரியன் வந்துவிடும், ஜனவரியில் ஆறரை ஆகும். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை அந்தச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். சாலை முழுவதும் நடப்பவர்களுக்கு. காந்தி சிலையைச் சுற்றி உயரமான கருங்கல் தூண்கள் நிற்கும், வேலைப்பாடு செய்தவை. அவை செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை என்பார்கள். முந்தின இரவு நீங்கள் செஞ்சியைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். 1750-இல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்.

அங்கே கரை நெடுகக் கறுப்புப் பாறைகளாக இருக்கும். பலர் இயற்கைப் பாறை என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது கொட்டிய கல். அந்தக் கதை தெரிந்தால் கடலைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். நம் கிழக்குக் கரையில் அலைகள் சாய்வாக வந்து மோதுவதால் மணல் சும்மா கிடப்பதில்லை. வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஆற்றில் நீர் போவது போல. 1980-களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டினார்கள். வடக்கே போகிற மணல் அங்கே தடுக்கப்பட்டது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே நகரத்துக் கரையும் அதற்கும் மேலே உள்ள குப்பங்களும் மணல் வராமல் அரிக்கப்பட்டன. ஊருக்குள் கடல் வராமலிருக்கக் கொட்டியதுதான் அந்தப் பாறைகள். அப்புறம் 2018 வாக்கில் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நீருக்கடியில் ஆப்பு வடிவில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்தது. அது அலையின் வேகத்தைக் குறைத்ததில் தலைமைச் செயலகம் பக்கம் கொஞ்சம் மணற்பரப்பு திரும்பி வந்தது. வாய்க்காலை ஒருவன் மறித்தால் கடைமடைக்காரன் காய்வதைப் பார்த்த நமக்கு இது சட்டென்று புரியும்.

ஆனால் அங்கே குளிக்க இறங்காதீர்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

நம் ஊர்ப் பையன்களுக்கு நீச்சல் தெரியும். கிணற்றில் குதித்துப் பழகியவர்கள், சுரைக்குடுக்கை கட்டி அப்பா தள்ளிவிட்டுக் கற்றுக்கொண்டவர்கள். அந்தத் தைரியம்தான் ஆபத்து. கிணற்று நீர் நிற்கும். ஒகேனக்கல்லில் கூட எங்கே இழுக்கும் என்று பரிசல்காரர் சொல்லிவிடுவார். கடல் அப்படியில்லை. கரைக்கு வந்த அலைநீர் திரும்பிப் போக ஒரு ஒடுக்கமான வழியைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் நீர் கரையிலிருந்து உள்ளே வேகமாக ஓடும். வேடிக்கை என்னவென்றால் அந்த இடம்தான் பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடைய, நடுவே மட்டும் அலை உடையாமல், கலங்கலாகவோ கருமையாகவோ தெரியும். புதிதாக வருபவன் 'இங்கே அலை இல்லை' என்று அங்கேதான் இறங்குவான். என் நண்பன் ஒருவன் அப்படித்தான் இறங்கினான். முப்பதடி ஆழக் கிணற்றில் முங்கி அடிமண் அள்ளி வருபவன். கரையை நோக்கி அடித்து அடித்து இரண்டே நிமிடத்தில் கை ஓய்ந்துவிட்டது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கத்தினார்: "கரைக்கு வராதே, பக்கமாப் போ, பக்கமாப் போ!" அவன் கரைக்கு இணையாக வடக்கே நீந்தினான். இழுப்பு விட்டது, அடுத்த அலையே அவனைக் கொண்டுவந்து போட்டது. அந்தப் பெரியவர் சொன்னதுதான் வழி. இழுப்பில் மாட்டினால் எதிர்த்து அடிக்கக் கூடாது. மல்லாந்து மிதந்து மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு, பக்கவாட்டில் விலகி, அதன்பின் கரைக்குத் திரும்ப வேண்டும். கரையில் இருப்பவர்கள் தாங்களும் குதிக்காமல் மிதக்கிற எதையாவது எறிய வேண்டும், மீனவர்களைக் கூப்பிட வேண்டும். குடித்தவன் கடலில் கால் வைக்கவே கூடாது. குளிக்க ஆசையென்றால் முட்டியளவு நீரில், ஆள்நடமாட்டம் உள்ள இடத்தில், மீனவர்களைக் கேட்டுக்கொண்டு. சுண்ணாம்பாறு படகுத்துறையிலிருந்து படகில் போகும் மணல்திட்டு ஒன்று உண்டு, பாரடைஸ் பீச் என்பார்கள். அங்கே காவலுக்கு நிற்பவர்கள் விசிலடித்தால் அதற்கு மதிப்புக் கொடுங்கள்.

பத்து மணிக்கு மேல் வெயிலில் சுற்றாதீர்கள். புதுச்சேரிக்காரர்களே சுற்ற மாட்டார்கள். பல கடைகள் ஒரு மணிக்கு அடைத்து நான்கு மணிக்குத்தான் திறக்கும். பிரெஞ்சுக்காரர்கள் போனாலும் மதியத் தூக்கம் போகவில்லை. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கை மாறியது, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். காவலர்களின் சிவப்புத் தொப்பியும் இந்தத் தூக்கமும் அப்படியே நின்றுவிட்டன. நீங்களும் தூங்குங்கள்.

தூங்கும் முன் ஒரு மணி நேரம் இருந்தால் ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீட்டுக்குப் போங்கள். 1908-இல் பிரிட்டிஷார் கைக்கு எட்டாமல் வந்து 1918 வரை இங்கேதான் இருந்தார். பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடத்தைப் பார்த்து வளர்ந்த தர்மபுரிக்காரர்களுக்கு அந்த வீட்டில் நிற்பது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். இரண்டு பேரும் ஒரே காலம், ஒரே கூட்டம். ஒருவருக்கு அடைக்கலம் கடலோரத்தில் கிடைத்தது. மற்றவர் சிறையில் உடம்பு கெட்டு, கடைசியில் நம் பாப்பாரப்பட்டியில் 1925-இல் கண்ணை மூடினார்.

மஞ்சள் சுவர் முன்னால் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள், அரை மணி நேரம் போதும். எனக்குப் பிடித்தது வாய்க்காலுக்கு மேற்கே உள்ள வைசியாள் வீதி. கீழே திண்ணையும் தெருத் தாழ்வாரமும் வைத்த தமிழ் வீடு, மாடியில் பிரெஞ்சுப் பாணி ஜன்னலும் தூணும். ஒரே வீடு இரண்டு மொழி பேசுவது போல இருக்கும். மாலை ஐந்து மணிக்கு நடந்தால் திண்ணையில் பாட்டிகள் உட்கார்ந்திருப்பார்கள். வாசலில் நின்று படம் எடுக்கும் முன் அவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆரோவில் போக வேண்டுமா என்று நிச்சயம் ஒருவன் கேட்பான். அங்குள்ள மாத்ரிமந்திர் தியான மண்டபத்துக்குள் போக முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாமல் போனால் தூரத்திலிருந்து பொன்னிறக் கோளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இரண்டு நாள் பயணத்தில் நான் அதை விட்டுவிடுவேன்.

சாப்பாடு. கே.ஆர்.பி. அணை ஜிலேபி மீனையும் ஒகேனக்கல் வறுவலையும் தின்று வளர்ந்த நாக்குக்குக் கடல் மீன் முதலில் வாசனையாகத் தெரியும். வஞ்சிரத்தில் தொடங்குங்கள், முள் தொல்லை கிடையாது. அப்புறம் சங்கரா குழம்பு, நெத்திலி வறுவல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் சின்னப் படகு மீன்தான் கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும். காலையில் பெரிய மார்க்கெட்டுக்குள் ஒருமுறை போய்வாருங்கள், மீன் விற்கும் அக்காமார்களின் பேச்சுக்கே போகலாம். பிரெஞ்சு ரொட்டி காலையில் சூடாக வாங்கினால்தான் ருசி, மதியத்துக்கு மேல் அது கட்டை. ஜூன் மாதம் போகிறவர்கள் அங்கே தெரிந்தவர் வீடு இருந்தால் நம் கிருஷ்ணகிரி மாம்பழம் ஒரு பெட்டி எடுத்துப் போங்கள். அதற்கு நிகரான மரியாதை வேறு எதற்கும் கிடைக்காது.

குடியைப் பற்றி மறைத்துப் பேச என்ன இருக்கிறது? புதுச்சேரி என்றதும் பாதிப் பேருக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். நான் யாருக்கும் புத்தி சொல்லப் போவதில்லை. இரண்டு விஷயம் மட்டும். குடித்தவன் வண்டியைத் தொடக்கூடாது. வாடகை ஸ்கூட்டர் உட்பட. திரும்பும்போது ஒரு பாட்டில்கூட வண்டியில் இருக்கக்கூடாது. தமிழ்நாட்டு எல்லையில் மதுவிலக்குப் போலீஸ் டிக்கியைத் திறக்கச் சொல்லும். அங்கே ஆரம்பிக்கும் தலைவலி திங்கட்கிழமை முடியாது. அதற்குப் பதில் டேங்கை நிரப்பிக்கொண்டு வாருங்கள், பெட்ரோல் அங்கே லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. போக வர, ஊருக்குள் சுற்ற எல்லாம் சேர்த்து 470 கிலோமீட்டர் என்றால், லிட்டருக்கு 15 கொடுக்கும் காருக்கு 31 லிட்டர் ஆகும். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் வாடகைக்கு விட உரிமம் பெற்ற வண்டி. லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும், தலையில் ஹெல்மெட்.

ஞாயிறு காலை இரண்டாவது விடியலைப் பார்த்துவிட்டு, காந்தி வீதியில் போடும் சண்டே மார்க்கெட்டில் ஒரு சுற்று. சட்டை, செருப்பு, பழைய புத்தகம், எல்லாம் தரையில் கிடக்கும். பேரம் பேசத் தெரிந்தவனை முன்னால் விடுங்கள். பதினொன்றுக்குள் ரூமைக் காலி செய்யுங்கள்.

திரும்ப இரண்டு வழி. வந்த வழியே வந்தால் செஞ்சியில் இறங்கலாம். கோட்டையின் ராஜகிரி மலை உச்சிக்கு ஏற நினைக்காதீர்கள், மதிய வெயிலில் அது முடியாது. அடிவாரத்துக் கல்யாண மகாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோட்டை அது. மூன்று மலைகளில் ஒன்றின் பெயர் கிருஷ்ணகிரி என்பதை நண்பர்களிடம் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. தெற்கே கடலூர் போய், பண்ருட்டி, திருக்கோவிலூர் வழியாகத் திருவண்ணாமலை, அரூர். முக்கால் மணி, ஒரு மணி நேரம் கூடும். கடலூருக்குள் நுழையும் முன் தாழங்குடா என்ற மீனவர் ஊர். அதன் பக்கத்தில்தான் தென்பெண்ணை கடலில் சேர்கிறது. நந்தி மலையில் பிறந்து, கெலவரப்பள்ளி, கே.ஆர்.பி. அணை, எங்கள் காவேரிப்பட்டணம், ஆடிப்பெருக்குக்கு நீங்கள் முங்கும் அனுமன்தீர்த்தம், சாத்தனூர், திருக்கோவிலூர் எல்லாம் தாண்டி வருகிற அதே ஆறு. கோடையில் போனால் முகத்துவாரத்தில் மணல் மூடிக் கிடக்கும், ஆறு கடலுக்குப் பத்தடி தள்ளியே நின்றுவிடும். மழைக்காலம் முடிந்து போனால் இரண்டும் கலக்கிற இடத்தில் நிறம் பிரிந்து தெரியும்.

ஜனவரியில் ஒருமுறை ஐந்தாறு பேர் அங்கே நின்றோம். எங்கள் ஊரில் ஆற்றோரம் வீடு உள்ள ஒருவன் குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தான். "உப்புதான்டா" என்று துப்பிவிட்டு, பத்தடி மேலே நடந்துபோய் மறுபடி அள்ளினான்.